அப்பா நடந்த நீச்சல் குளம்

"தண்ணிக்குள்ள நடக்க வைங்க" என்று பிசியோதெரபி பார்க்கிற அக்கா சொன்னபோது அப்பா பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயின் இடது ஓரம் இன்னும் இறங்கித்தான் இருந்தது. இருந்தாலும் சிரித்தார்.

"பொறந்ததுலேருந்து தண்ணியிலதாம்மா கெடக்கறேன். இன்னும் எந்தத் தண்ணிக்குப் போவச் சொல்ற?"

அந்த அக்கா சிரிக்கவில்லை. சிதம்பரத்தில் அவரிடம் காட்டுவதற்காகக் கடலூரிலிருந்து மாமாவின் ஆட்டோவிலேயே வந்திருந்தோம். அலை இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும், நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும், தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் விழுகிற பயம் இல்லாமல் கால் பழகும் என்று எனக்கு விளக்கினார். "கடல் வேணாம். குட்டை குளமும் வேணாம். அப்பாவுக்கு சுகர் ஜாஸ்தியா இருக்கு. பாசியில வழுக்கி கால்ல ஒரு கீறல் பட்டாக்கூட ஆறாது. சுத்தமான தண்ணி. முதல் சில மாசத்துல வர்றதுதான் வரும், அப்புறம் கஷ்டம்."

அப்பா விசைப்படகில் ஆளாகப் போகிறவர். பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில், வலை காயப்போட்டிருந்த இடத்திலேயே இடது பக்கமாகச் சரிந்துவிட்டார். பக்கவாதம். கை பாதி திரும்பியது. கால் திரும்பவில்லை. படகு டிரைவர் வீட்டுக்கு வந்து, "மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு படகு எறங்கறப்ப வாண்ணே. அதுவரைக்கும் உன் எடத்துல ஆளு போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா சாப்பிட்டார், மாத்திரை போட்டார், சிதம்பரம் வரை ஆட்டோவில் குலுங்கினார். ஆடுகிற பலகைமேல் நின்று வலை இழுக்கிற வேலை அது. ரெண்டு காலும் வேண்டும்.

சுத்தமான தண்ணீர் என்றதும் எனக்கு நான் வேலை பார்க்கிற இடத்தின் நீச்சல் குளம்தான் ஞாபகம் வந்தது. அது சுத்தமாக இருந்ததால் இல்லை. வேறு குளம் எனக்குத் தெரியாததால்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பழைய சாலையில் இருக்கிறது அந்த ரிசார்ட். நாலுவழிச் சாலை வந்தபிறகு கார்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தால் அறைகள் நிறையும், மற்ற நாளில் நானும் மேனேஜரும் காக்கையும்தான். வரவேற்பில் உட்காருகிற வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருத்தன்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மேசைக்குப் பின்னால் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன் என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு. மீன் விற்கப் போகிற தெருவிலெல்லாம் சொல்லியிருந்தாள்.

குளம் பின்பக்கம், தென்னைகளுக்கு நடுவே. கொரோனாவில் மூடியது. பச்சை என்று சொன்னால் போதாது, அகத்திக்கீரையை அரைத்து ஊற்றிவைத்த மாதிரி இருக்கும். மேலே தோல் கட்டியிருந்தது. கல்லைப் போட்டால் ஒரு ஓட்டை விழுந்து, மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். மட்டைகள் ஊறிக் கிடந்தன. தவளைச் சத்தத்தைப் பற்றி அறையில் தங்குகிறவர்கள் என்னிடம்தான் வந்து புகார் சொல்வார்கள்.

மேனேஜர் பெண்ணாடத்துக்காரர். கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதையா? இதுல கெண்டை வுட்டா நாலு காசு வரும்." அப்புறம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். "செய்யி. மொதலாளி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. தண்ணி தெளிஞ்சா காலையில உங்கப்பா நடக்கட்டும், கெஸ்ட் எந்திரிக்கறதுக்கு முன்னாடி."

முழுக்க இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரியைப் போனில் பிடித்தபோது அவர் பதறிவிட்டார். மழை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கடலோரத்தில் நிலத்தடித் தண்ணீர் மேலேயே நிற்கும், காலி பண்ணினால் கீழேயிருக்கிற தண்ணீர் தொட்டியையே தூக்கி வெடிக்க வைத்துவிடும் என்றார். ஆகவே அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டே அதைச் சுத்தம் பண்ண வேண்டும்.

மட்டைகளையும் தோலையும் வலைக்கூடையால் அள்ளினேன். எங்கள் குப்பத்தில் வெள்ளம் வடிந்தபிறகு தெருவில் தூவுகிற பிளீச்சிங் பவுடர்தான் எனக்குப் பழக்கமான குளோரின். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் வெயில் தாழ்ந்தபிறகு குளத்தைச் சுற்றி ஊற்றினேன். கண் எரியும். மறுநாள் சுவரை நீளப் பிரஷ்ஷால் தேய்ப்பேன், பாசி புகை மாதிரி பிரியும். மோட்டார் இறுகிப்போயிருந்தது, கடலூரில் கம்பிச்சுருள் புதிதாகக் கட்டி வாங்கிவந்தோம். வடிகட்டியில் இருந்த மணல் பாறையாகி இருந்தது, அதைக் கடப்பாறையால் குத்தி எடுத்தோம். வடிகட்டி அடைத்துக்கொள்கிறபோதெல்லாம் தண்ணீரைத் திருப்பிவிட்டு மணலைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போகும், முதல் வாரம் முழுக்க அது கஷாயம் மாதிரிதான் வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, ஆட்டோ சவாரி இல்லாத நேரத்தில் வந்து கரையில் குந்திக்கொள்வார். கூடமாட உதவியும் செய்வார், வாயும் மூடாது.

"ஊருக்கெல்லாம் மாப்ள கெமிஸ்ட்ரி படிக்கிறான் கெமிஸ்ட்ரி படிக்கிறான்னு சொன்னமே. கடைசியில குட்டை தூர்வார்றதுக்கா அதை வெச்சிருந்தாங்க காலேஜுல?"

"பிரஷ்ஷப் புடி மாமா."

"நான் எட்டாவது ஃபெயிலு. எனக்கெல்லாம் இந்த வேலை வராது."

பச்சை சாம்பலானது. சாம்பல் வெளுத்தது. முதல் படி தெரிந்தது, அப்புறம் ரெண்டாவது. கடைசியில் தரை லேசாகக் கோடு கோடாகத் தெரிந்த அன்று நாளைக்கு அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி மாமாவிடம் சொன்னேன். அப்போது தடைக்காலம் தொடங்கியிருந்தது. படகுகள் கரையேறிவிட்டன. அப்பாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருந்தது.

விடிந்தும் விடியாமலும் ஆட்டோ வந்தது. அம்மாவும் வந்திருந்தாள், கையில் ஒரு பை. துண்டு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானும் மாமாவும் அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் நேராகப் போய் முதல் படியில் கற்பூரம் கொளுத்தினாள். சாமந்தியை உதிர்த்துப் போட்டாள். அப்புறம் பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து மூடியைத் திறந்து, நான் ஓடிவருவதற்குள், அத்தனை பாலையும் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள்.

"அம்மா! என்னாம்மா பண்ற?"

"என்னா பண்றேன். எறங்கற தண்ணிக்குப் பால் வுடாம எறங்கறதா?"

தடைக்காலம் முடிந்து படகு இறக்குகிற அன்று எங்கள் ஊரில் கடலுக்குப் பால் விடுவார்கள். புதுப் படகு விட்டாலும் விடுவார்கள்.

"இது கடல் இல்லம்மா. தொட்டி. எவ்ளோ நாளா தேய்ச்சேன் தெரியுமா? பால் வுட்டா கலங்கிடும், குளோரினையெல்லாம் சாப்ட்டுடும்."

"உனக்குத் தொட்டி. அவுருக்கு?"

வெள்ளை பூப்பூவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடியதில் கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்கப் பரவி, தரையின் கோடுகள் மறைந்து, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் வேறாக இருந்தது. வழியெல்லாம், "தவள முட்ட போட்ட தொட்டியில என்ன எறக்கப் போறானாம்" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்தவர் அவர். இப்போது குனியச் சொல்லி எங்களைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகில் ஏறுகிறபோது அப்படித்தான் செய்வார்.

இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே நின்றது. அதன் கீழே எதுவும் தெரியவில்லை. நான் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். அப்பா நகர்ந்தார்.

"மாமா, வலை எதாவது வுடணுமா?" என்றார் மாமா. அக்கா புருஷன் என்பதால் அப்பா அவருக்கு மாமா.

"வுடு. உன்ன மாதிரி ஒரு கெளுத்தி மாட்டும்."

நோய் வந்த நாளிலிருந்து அப்பா யாரையும் கிண்டல் பண்ணியிருக்கவில்லை. அம்மா கரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் வந்தார். வருமுன் அம்மா தைலம் போட்டுக் காலை உருவிவிடுவாள், அந்தத் தைலமும் தண்ணீரில் கலந்தது. முதலில் எங்கள் ரெண்டு பேர் கையும் வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு கை. ஒரு நாள் என் கையை உதறிவிட்டு, தண்ணீரைக் கைகளால் அளைந்துகொண்டு, அகலவாட்டில் அந்தக் கரை வரைக்கும் போய் சுவரைத் தொட்டார். திரும்பிப் பார்த்து, "எங்கடா உங்க மாமன்? பாத்தானா?" என்று கேட்டார். மாமா பார்க்கவில்லை, டீ குடிக்கப் போயிருந்தார். அவருக்காக இன்னொரு தரம் நடந்தார்.

வீட்டில் நடை அப்படியேதான் இருந்தது. சுவரைப் பிடித்துத்தான் கக்கூஸுக்குப் போவார். "தரையில கனம். தண்ணியில வந்துடுச்சில்ல, தரைக்கும் வரும்" என்று அவரே எங்களுக்குச் சொல்வார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நடக்கிறேன் என்று சொன்னார். படகு டிரைவருக்கு என்னைப் போன் போடச் சொல்லி, "என் எடத்துக்கு யாரையும் சொல்லிடாத, நான் வந்துடுவேன்" என்றார். படகுக்குப் போட்டுப் போகிற பழைய அரைக்கால் சட்டையை அம்மா துவைத்துக் கொடியில் போட்டாள்.

ஆனால் தண்ணீர் தெளியவே இல்லை. பாலின் கொழுப்பு, தைலம், எல்லாம் சேர்ந்து வடிகட்டியில் பிசினாகிவிட்டது. எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் ரெண்டு நாளில் காணாமல் போகும். படி ஓரத்தில் மறுபடி பச்சை ஏறத் தொடங்கியது, விரல் வைத்தால் வழுக்கியது. பிசியோதெரபி அக்கா சொன்ன கீறல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் இடது பாதத்தில் குத்தினால்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அதே நேரம் மேனேஜரும் வந்து, முதலாளி வீட்டுப் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் இங்கேதான், குளம் பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது என்றார்.

படிகாரம் வாங்கிவந்து கரைத்து விட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு இரவு அசையாமல் விட்டேன். கலங்கல் எல்லாம் பஞ்சுபஞ்சாகத் திரண்டு தரையில் படிந்திருந்தது. அன்று அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடியில் படிந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். வேகமாக அசைத்தால் எழும்பிவிடும், ஒரு சாண் ஒரு சாணாகத்தான் நகர்த்த வேண்டும். சாயங்காலம் முடித்து நிமிர்ந்தபோது குளத்தில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. ஆழமான பக்கத்தில் வடிகால் மூடியின் துளைகள் தெரிந்தன. தென்னை ஓலையின் நிழல் தரையில் விழுந்து ஆடியது. நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. போட்டோ எடுத்து அந்த அக்காவுக்கு அனுப்பினேன். "சூப்பர் தம்பி" என்று பதில் வந்தது.

மறுநாள் காலை அப்பா கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லடா" என்றார். அது அவரிடமிருந்து பெரிய வார்த்தை. கண்ணில் ஒற்றிக்கொண்டார். இறங்கினார். என் கை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

நாலைந்து எட்டு போயிருப்பார். லுங்கி தண்ணீரில் குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிட்டது. அதைத் தள்ளிவிடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"என்னா நின்னுட்ட? நடயேன்" என்றாள் அம்மா.

அவர் கீழே பார்த்தபடி வலது காலை எடுத்து வைத்தார். கைகள் தண்ணீரைத் தள்ளின, உடம்பு முன்னே மிதந்துபோனது. இடது கால் வரவில்லை. அது பின்னால் கிடந்தது. விரல்கள் உள்பக்கம் சுருண்டு, பாதத்தின் மேல்பக்கம் டைல்ஸில் உரசிக்கொண்டு, கயிற்றில் கட்டி இழுத்த பொருள் மாதிரி கடைசியில் வந்து சேர்ந்தது. அப்பா இன்னொரு எட்டு வைத்துப் பார்த்தார். அதேதான். இன்னொன்று.

கரையில் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இவ்ளோ நாளும் இப்டித்தான் வந்துச்சா?" என்று கேட்டார், நிமிராமல்.

"தெரியலப்பா. கலங்கலா இருந்துச்சு."

"ஒண்ணுமே தெரியலடா. நடக்கறேன்னேதான் நெனச்சேன்." குழந்தையிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அப்புறம் கம்பிப் பக்கமாகத் திரும்பக்கூட முயற்சி பண்ணாமல் அங்கேயே நின்றார். "ஏத்திவுடு."

நான் உடுப்போடு குதித்து அவரைப் பிடித்தேன். படியில் ஏற்றியபோது பார்த்தேன், இடது பாதத்தின் மேல்பக்கத் தோல் வழுவழுவென்று தேய்ந்து வெளுத்திருந்தது. புண் இல்லை. அம்மா துண்டால் அதைத்தான் முதலில் மூடினாள்.

அன்று மத்தியானமே அந்த அக்காவிடம் போனில் கேட்டேன். இழுத்தால் என்ன, இடுப்பும் தொடையும் வேலை செய்கிறது, நிறுத்தாதீர்கள், அப்பாவை வரச்சொல்லுங்கள் என்று நிறைய சொன்னார். எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நல்ல பொண்ணு அது. சொல்லத்தான் செய்யும்."

"நாளைக்குப் போலாம்ப்பா."

"போதும்."

மாமா ரெண்டு மூன்று நாள் காலையில் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். "மாமா, கெளுத்தி வந்திருக்கு, வலை எங்க?" என்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. கடைசியில் மாமா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "மறுபடி பால வாங்கி ஊத்திவுடு மாப்ள. நானே வாங்கித் தரேன்" என்றார். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். நானும் யோசிக்காமல் இல்லை. ஜன்னல் வழியாக அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பாத்தாச்சுடா. இனிமே கலக்கி என்னா பண்றது" என்றார் உள்ளேயிருந்து.

பிறந்தநாளுக்கு முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வந்து குதித்தார்கள். வண்ண விளக்கெல்லாம் போட்டார்கள். மேனேஜர் குளத்தைப் படம் எடுத்து நெட்டில் போட்டதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலியிலிருந்தும் பாண்டியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வரவேற்பு மேசைக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டு என்னைக் குளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் தண்ணீரைச் சோதிப்பேன், பவுடர் கரைப்பேன், ஓலை அள்ளுவேன். அப்பா நடந்த அதே நேரம்தான் அது. தண்ணீர் கொஞ்சம் மங்கினாலும் மேனேஜர் வந்து நிற்பார்.

வீட்டில் அப்பாவின் கால் இறுகிக்கொண்டே வந்தது. அம்மா தைலம் போட உட்கார்ந்தால் லுங்கியை இழுத்து மூடிக்கொள்வார். கேட்டால் கூசுது என்பார். அந்தக் காலில் அவருக்குக் கூச்சமே தெரியாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது படகு டிரைவர் வந்தார். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். டிரைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படகுக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றி, டீசல் பற்றி, யார் யார் வருகிறார்கள் என்பது பற்றிப் பேசினார். அப்பாவின் காலைப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் என்னாண்ணே, நடக்கறன்னு சொன்னியே."

"நடக்கல" என்றார் அப்பா. "ஆளப் போட்டுக்க."

"இல்லண்ணே, நீ வேணா கரையிலயே குந்திக்கினு வலை..."

"ஆளப் போட்டுக்கடா. நான் சொல்றேன்ல."

அம்மா டீ கொண்டுவந்தாள். டிரைவர் அதைக் குடித்துவிட்டு, போய்ட்டு வரேண்ணே என்று சொல்லி, வாசலில் என் தோளை ஒரு தரம் தட்டிவிட்டுப் போனார். அம்மா டம்ளரைக் கழுவப் போட்டாள். கொடியில் கிடந்த அரைக்கால் சட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.

"டேய்" என்று அப்பா கூப்பிட்டார். உள்ளே போனேன்.

"அந்தக் கொளத்துல இப்ப ஆளுங்க குளிக்கறாங்களா?"

"ஞாயித்துக்கிழமையில ஜாஸ்தி வராங்கப்பா."

"தண்ணி?"

"தெளிவாத்தான் இருக்குப்பா."

"ம்" என்றார். இடது காலை வலது கையால் தூக்கிக் கட்டிலின் உள்பக்கமாக வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.